வெளியே போகிற மூச்சை யார் பார்ப்பது?

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லாத வீடு குறைவு. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில்கூட அது இருக்கிறது. பிரிட்ஜ் மேலேயோ மாத்திரை டப்பாவுக்குள்ளோ கிடக்கும். யாருக்காவது இருமல், படபடப்பு என்றால் முதலில் விரலை நீட்டச் சொல்கிறோம். 97, 98, 99 என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பது 2021-ல் இரண்டாவது அலையின்போது ஊரே படித்த பாடம். அது பல உயிர்களைக் காப்பாற்றிய பாடம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. என்னை உறுத்துவது வேறு. அந்த எண் நன்றாக இருந்தால் மூச்சும் நன்றாக இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். வீட்டில் மட்டும் இல்லை, பல சின்ன ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான். மூச்சு என்பது உள்ளே வருவது மட்டும் இல்லையே, வெளியே போவதும்தானே என்று யாராவது கேட்டால் எல்லோரும் தலையாட்டுவோம். ஆனால் வெளியே போவதை அளக்கும் கருவி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. போன மார்கழியில் என் அத்தைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அத்தை வாடிப்பட்டிப் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தவர். தகரக் கூரை, மண் அடுப்பு, சீமைக்கருவேல விறகு. கேஸ் வந்த பிறகும், இட்லிக்கும் சாம்பாருக்கும் விறகுதான் கட்டுப்படியாகும் என்று அதை விடவில்லை. பீடியோ சிகரெட்டோ அவர் கை தொட்டதில்லை. ஆனால் முப்பது வருடம் அந்தப் புகையை விடியற்காலையில் குனிந்து ஊதி ஊதி இழுத்த நுரையீரல் அது. சிஓபிடி என்று மருத்துவர்கள் சொல்லும் நாள்பட்ட நுரையீரல் நோய் பீடிக்காரர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்கிறோம். நம் ஊர்ப் பெண்களுக்கு அது அடுப்படியிலேயே வருகிறது. வீட்டில் அதற்கு வைத்த பெயர் ‘இளைப்பு’. பனி விழும் மாதங்களில் கூடும், தை பிறந்து வெயில் ஏறினால் குறையும், இன்ஹேலர் அடித்தால் அடங்கும் என்று வருடங்கள் ஓடிவிட்டன.

99 காட்டிய இரவு

அன்று சாயங்காலம் மூச்சு வாங்குவது அதிகமாகி, பேச்சு இரண்டு இரண்டு வார்த்தையாக வர ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விரலில் மாட்டினால் 84. முகமூடி போட்டு ஆக்சிஜனை முழுதாகத் திறந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் 99. மச்சான் அந்த மானிட்டரைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். நாங்கள் எல்லோரும் கும்பிடு போட்டு பதில் அனுப்பினோம். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் அத்தை “தலை வலிக்குதுடா” என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் தூங்கிவிட்டார். பல நாளாக உட்கார்ந்துகொண்டே தூங்கியவர் படுத்து அசந்து தூங்குகிறார் என்றதும் கூட இருந்தவர்களுக்குச் சந்தோஷம்தான். நர்ஸ் வந்து வந்து விரலைப் பார்த்துவிட்டு 99 என்று எழுதிவிட்டுப் போனார்.

விடிகாலையில் நான் போனபோது அத்தையை எழுப்ப முடியவில்லை. தோளைத் தட்டினால் கண்ணைத் திறக்கிறார், என்னைப் பார்க்கிறார், பாதி வார்த்தையிலேயே மறுபடி கண் சொருகிவிடுகிறது. கையைத் தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு தானாக அடித்துக்கொண்டது. முகம் வியர்த்துச் சிவந்திருந்தது. விரலில் அப்போதும் 99. அங்கிருந்த டியூட்டி டாக்டர் இளைஞர். “சாச்சுரேஷன் நல்லா இருக்கே சார், ராத்திரி முழிச்ச அசதியா இருக்கும்” என்றார். அவரைக் குறை சொல்லி எழுத எனக்கு மனம் இல்லை. அவர் முன்னால் இருந்த ஒரே கருவி அதைத்தான் சொன்னது. மச்சானுக்கு மட்டும் ஏதோ பிடிபடவில்லை. “இது தூக்கம் இல்ல மாப்ள” என்றார். ஆம்புலன்ஸ் வைத்து மதுரைக்குக் கொண்டு வந்தோம்.

மதுரையில் நாங்கள் போன ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு மயக்க மருந்து டாக்டரம்மா. அத்தையின் முகத்தையும் கையையும் பார்த்த மாத்திரத்தில் ஆக்சிஜனைக் குறைக்கச் சொன்னார். பிறகு மூக்கில் ஒரு மெல்லிய குழாயை மாட்டினார். பார்க்க ஆக்சிஜன் குழாய் மாதிரியே இருந்தது, ஆனால் அது காற்றைக் கொடுக்கும் குழாய் இல்லை, எடுக்கும் குழாய். மானிட்டரின் அடியில் அதுவரை காலியாக இருந்த ஒரு கட்டத்தில் மஞ்சள் கோடு ஒன்று ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஓர் அலை. பக்கத்தில் ஓர் எண்: 71. விடும் மூச்சில் கரியமில வாயு எவ்வளவு என்று பாதரச மில்லிமீட்டர் கணக்கில் சொல்லும் எண், நல்ல மனிதருக்கு 35-லிருந்து 45 வரை இருக்க வேண்டியது. மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்மையான அளவு அதற்கும் மேலே, 90-ஐத் தாண்டி இருந்தது. அதாவது அந்த இரவு முழுக்க அத்தையின் உடம்பு உண்டாக்கிய கரியமில வாயு வெளியே போகாமல் ரத்தத்திலேயே சேர்ந்து, ரத்தத்தை அமிலமாக்கி, மூளையை மயக்கத்தில் தள்ளியிருக்கிறது. நாங்கள் தூக்கம் என்று சந்தோஷப்பட்டது இதைத்தான்.

சற்று நேரத்தில் ஆக்சிமீட்டர் 90-க்கு இறங்கியது. மச்சான் தாங்க முடியாமல் டாக்டரம்மாவிடம் போனார். “மேடம், அங்க 99 இருந்துச்சு. நீங்க வந்து இறக்கிட்டீங்க.” அவர் எரிச்சல்படவில்லை. “அம்மாவுக்கு 88-ல இருந்து 92 இருந்தாப் போதும் சார். உள்ள போறது போதுமான அளவு போகுது. வெளிய வரவேண்டியதுதான் வரல. அந்த விரல் மிஷின் இதக் காட்டாது. இந்த மஞ்சக் கோட்டப் பாருங்க.” அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரே திரையில் மேலே ஒரு நல்ல எண்ணும் கீழே ஒரு கெட்ட எண்ணும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டும் ஒரே மனுஷியின் மூச்சு. முதல் எண் மட்டும் தெரிந்த அறையில் அத்தை ஓர் இரவு முழுக்கப் படுத்திருந்தார்.

பைபேப் முகமூடி மாட்டி, மூச்சுக்கு வெளியிலிருந்து உந்துதல் கொடுத்தார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கப் பார்க்க அளவு இறங்கியது. மறுநாள் காலை முகமூடியைக் கழற்றியதும் அத்தை கேட்டது காப்பித்தண்ணி.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இதைப் படித்துவிட்டு, மூச்சுத் திணறும் யாருக்கும் வீட்டில் ஆக்சிஜனைப் பிடுங்கிவிடாதீர்கள். ஆக்சிஜன் குறைவது இன்னும் வேகமாக உயிரை எடுக்கும். எல்லா நோயாளிக்கும் இந்த 88–92 கணக்கு பொருந்தாது. சிஓபிடி போல நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அளவுக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் கரியமில வாயு ஏறக்கூடும். கெட்டுப்போன நுரையீரல் பகுதிகளுக்கு ரத்தம் போவதை உடம்பு தானாகவே குறைத்து வைத்திருக்கும். அதிக ஆக்சிஜன் அந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடுகிறது என்பது ஒரு முக்கியக் காரணம். ரத்தச் சிவப்பணு ஆக்சிஜனால் நிரம்பும்போது கரியமில வாயுவைச் சுமக்கும் திறன் குறைவது இன்னொன்று. எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கேட்பதெல்லாம், முடிவு செய்பவருக்கு இரண்டு எண்ணும் கண்ணில் பட வேண்டும் என்பதுதான்.

சுண்ணாம்பு நீரிலிருந்து மஞ்சள் கோடு வரை

நான் அறிவியல் வாத்தியார். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு. தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு குழாயில் எடுத்து, ஸ்ட்ரா வைத்து ஊதச் சொன்னால் அது பால்போல் வெளுக்கும். நாம் விடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஸ்காட்லாந்துக்காரர் ஜோசப் பிளாக் 18-ம் நூற்றாண்டிலேயே இந்த வாயுவைத் தனியாகக் கண்டுகொண்டு, மூச்சில் அது இருப்பதையும் சுண்ணாம்பு நீரை வைத்தே காட்டினார். இழுக்கும் காற்றில் அது 0.04 சதவீதம்தான். விடும் மூச்சின் கடைசியில் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, நூறு மடங்குக்கு மேல். ஆனால் சுண்ணாம்பு நீர் ‘இருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்லும். இந்த மூச்சில் எவ்வளவு, அடுத்த மூச்சில் எவ்வளவு என்று அதனால் சொல்ல முடியாது. அத்தைக்கு வேண்டியிருந்தது அந்தக் கணக்கு.

அந்தக் கணக்கைக் கொடுப்பது அகச்சிவப்புக் கதிர். கரியமில வாயு மூலக்கூறு சுமார் 4.26 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை நன்றாக விழுங்கும். பூமி சூடாவதற்குக் காரணம் என்று நாம் பாடம் எடுக்கிறோமே, அதே குணம். ஜான் டிண்டல் 1860-களில் லண்டனில் இந்த விழுங்குதலை அளந்தபோது, மனிதர் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவையும் அதைக்கொண்டே அளக்கலாம் என்று செய்து காட்டினார். 1943-ல் ஜெர்மனியில் லுஃப்ட் என்பவர் அதைத் தொடர்ந்து அளக்கும் கருவியாக்கினார். இன்று மூக்கிலிருந்தோ மூச்சுக்குழாயில் செருகிய குழாயிலிருந்தோ நிமிடத்துக்கு 50 முதல் 200 மில்லிலிட்டர் வரை காற்றை உறிஞ்சி, அதன் வழியே கதிரைப் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு குறைந்து வந்தது என்று பார்க்கிறது இந்த கேப்னோகிராப்.

அலையின் வடிவத்தை டாக்டரம்மா பிறகு ஒருநாள் எனக்கு விளக்கினார். மூச்சை இழுக்கும்போது கோடு அடியில் பூஜ்யத்தில் படுத்திருக்கும். விட ஆரம்பித்ததும் முதலில் வருவது தொண்டையிலும் பெரிய குழாய்களிலும் நின்ற காற்று. அதில் கரியமில வாயு இல்லை, கோடு நகராது. பிறகு நுரையீரலின் காற்றறைகளிலிருந்து வரும் காற்று கலந்ததும் கோடு செங்குத்தாக ஏறும். அதற்கப்புறம் கிட்டத்தட்ட சமமாக ஓடும். மூச்சு முடியும் புள்ளியில் வரும் உச்சம்தான் திரையில் காட்டும் எண். அடுத்த மூச்சை இழுத்ததும் கோடு சரேலென்று விழும். ஆரோக்கியமானவருக்கு அலை கிட்டத்தட்ட செவ்வகம். அத்தையுடையது அப்படி இல்லை, சரிந்து சரிந்து ஏறியது. குழாய்கள் இறுகிப்போனதால் சில அறைகள் சீக்கிரமும் சில அறைகள் தாமதமாகவும் காலியாகின்றன, அதனால் சரிவு. சுறாத் துடுப்பு என்று அவர்கள் அந்த வடிவத்தைச் சொல்கிறார்கள். மருந்துக்குக் குழாய் விரியத் தொடங்கினால் சரிவு நிமிர்வதைத் திரையிலேயே பார்க்கலாம்.

கருவிக்கும் வரம்பு உண்டு என்பதை அவரே சொன்னார். வாயால் மூச்சு விட்டால், குழாய் விலகினால், மூச்சு மேலோட்டமாக இருந்தால் எண் குறைவாகக் காட்டும். நல்ல நுரையீரலில் ரத்த அளவுக்கும் திரை எண்ணுக்கும் வித்தியாசம் இரண்டிலிருந்து ஐந்துதான் இருக்கும். அத்தை போன்றவர்களுக்கு அது 20-ஐத் தாண்டலாம், அப்படித்தான் ஆனது. எனவே எண் நன்றாக இருந்தால் ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. ஆனால் எண்ணோ அலையோ கெட்டிருந்தால் அது உடனே கூப்பிடும் கருவி.

ஆக்சிமீட்டர் ஏன் தாமதமாகக் கூப்பிடுகிறது என்பதை நான் இப்போது வகுப்பில் சொல்கிறேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தால், மோட்டார் நின்றது குழாயைத் திறப்பவருக்குத் தெரியாது. தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஆக்சிஜன் கொடுத்து நிரப்பிய நுரையீரலும் அப்படித்தான். மூச்சை விட்ட பிறகும் ஒரு பெரிய மனிதரின் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று மிஞ்சியிருக்கும். அது பெரும்பாலும் ஆக்சிஜனாக இருந்தால், நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் செலவாகும் உடம்புக்குப் பல நிமிடம் தாங்கும். அதுவரை மூச்சே நின்றிருந்தாலும் விரலில் 99 காட்டலாம். குண்டானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கையிருப்பு சீக்கிரம் தீரும். ஆக்சிமீட்டர் குறைத்துக் காட்டும்போது சமாளிக்க நேரம் இருக்காது. கேப்னோகிராப்பிலோ மூச்சு நின்ற அந்த மூச்சிலேயே அலை காணாமல் போய்விடும்.

மயக்க மருந்து கொடுக்கும் அறைகள்

ஆபரேஷன் தியேட்டரில் இதன் முதல் வேலை இன்னும் எளிமையானது. மயக்கத்தில் இருப்பவருக்குத் தொண்டை வழியே குழாய் செருகும்போது அது மூச்சுக்குழாயில் போனதா, உணவுக்குழாயில் போனதா? ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பதும், நெஞ்சு ஏறுவதைப் பார்ப்பதும் ஏமாற்றும். வயிற்றில் போன காற்று நெஞ்சில் கேட்கும் சத்தம் மாதிரியே கேட்கக்கூடும். கரியமில வாயு நுரையீரலில் இருந்துதான் தொடர்ந்து வரும். மூச்சுக்கு மூச்சு அலை வரவில்லை என்றால் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் மயக்க மருத்துவர்கள் இதை நாலே வார்த்தையில் முழக்கமாக்கிப் பரப்பினார்கள். சாரம் இவ்வளவுதான்: அலை இல்லையா, குழாய் தப்பான இடத்தில் இருக்கிறது. அங்கே 2011-ல் வந்த நான்காவது தேசியத் தணிக்கை அறிக்கை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களிலும் நிரந்தர மூளை பாதிப்புகளிலும் 74 சதவீதத்துக்கு, இந்தக் கருவி இல்லாததோ சரியாகப் பயன்படுத்தாததோ ஒரு காரணம் என்றது. வசதியில்லாத நாடு இல்லை அது. கருவி இருந்தும் படுக்கைக்குப் பக்கத்தில் வரவில்லை, வந்தாலும் அது சொன்னதை நம்பவில்லை.

இதயம் நின்று நெஞ்சை அமுக்கும்போதும் அந்த அலை பேசும். திசுக்களில் உண்டாகும் கரியமில வாயுவை நுரையீரலுக்குக் கொண்டுவருவது ரத்த ஓட்டம். ஆகவே அமுக்குவது சரியாக இருந்தால் எண் 10-க்கு மேலே நிற்கும், கை தளர்ந்தால் இறங்கும். இதயம் திரும்ப ஓடத் தொடங்கினால், நாடி பிடித்துப் பார்ப்பதற்கு முன்பே எண் சட்டென்று ஏறும். இருபது நிமிடம் முயன்றும் 10-ஐத் தாண்டவில்லை என்றால் நம்பிக்கை மிகக் குறைவு.

எனக்குக் கவலை பெரிய தியேட்டர்களைப் பற்றி அவ்வளவாக இல்லை. பெரிய தியேட்டர்களில் மானிட்டரோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. கவலை, லேசாக மயக்கம் கொடுக்கும் சின்ன அறைகளைப் பற்றி. எண்டோஸ்கோப்பி, எலும்பு இழுத்துக் கட்டுதல், பிள்ளைகளுக்கு ஸ்கேன். ‘சும்மா தூங்க ஒரு ஊசி’ என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். அந்த ஊசியே மூச்சைக் குறைக்கும். மூக்கில் ஆக்சிஜனும் ஓடுவதால் விரல் எண் கடைசிவரை நன்றாகவே இருக்கும். அத்தைக்கு நடந்ததே இங்கே சில நிமிடங்களில் நடக்கலாம். அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் 2011-லிருந்தே மிதமான, ஆழ்ந்த மயக்கத்துக்கும் இந்தக் கருவியை விதியாக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் மயக்க மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பும் 2018-ல் வெளியிட்ட தரவிதிகளில் கேப்னோகிராப் இடம்பெற்றிருக்கிறது. ஏழை நாட்டு தியேட்டர்களுக்கு ஆக்சிமீட்டர் கொண்டுபோன லைஃப்பாக்ஸ் அமைப்பு, இப்போது உதட்டுப் பிளவு அறுவை சிகிச்சைக்கு உதவும் ஸ்மைல் ட்ரெயின் தொண்டு அமைப்போடு சேர்ந்து விலை குறைந்த கேப்னோகிராப்பைக் கொண்டுபோகிறது. ஒரு காலத்தில் தியேட்டரில் மட்டும் இருந்த ஆக்சிமீட்டர் இன்று மேலமாசி வீதி மருந்துக்கடையில் கிடைக்கிறது. இது வீட்டுக்கு வரவேண்டியதில்லை. மயக்க ஊசி இருக்கும் ஒவ்வோர் அறைக்கும் வந்தால் போதும், ஒவ்வொரு ஆம்புலன்ஸுக்கும் வந்தால் போதும்.

அதற்கு நோயாளியின் பக்கத்தில் நிற்கும் நாம் கேட்கத் தொடங்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்ற தயக்கம் எல்லோருக்கும் உண்டு. எங்கள் பள்ளித் தமிழாசிரியையின் அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி என்றபோது, “விடுற மூச்சுல சிஓடூ பாக்குற மானிட்டர் இருக்குமா டாக்டர்?” என்று மட்டும் கேட்கச் சொன்னேன். பெரியவருக்கும் இளைப்பு உண்டு, பழைய பீடிப் பழக்கம். டீச்சர் தயங்கித் தயங்கித்தான் கேட்டிருக்கிறார். டாக்டர் கோபப்படவில்லை. தியேட்டரில் ஒன்று இருக்கிறது, இந்த அறையில் இல்லை, உங்கள் அப்பாவுக்கு இளைப்பு இருப்பதால் அதைக் கீழே கொண்டுவரச் சொல்கிறேன் என்றாராம். கொண்டுவந்து மாட்டியும் இருக்கிறார்கள். நடுவில் ஒருமுறை அலை சின்னதாகிக்கொண்டே போக, நர்ஸ் பெரியவரின் தாடையைத் தூக்கிப் பிடித்ததும் சரியானது என்று டீச்சர் வந்து சொன்னார். அப்போது விரலில் எண் இறங்கவே இல்லையாம். அடுத்த வாரம் பெரியவரின் ரிப்போர்ட் வாங்க அவரோடு நானும் போகிறேன். அந்தக் கருவி கீழ் அறையிலேயே நிற்கிறதா, மறுபடி மேலே போய்விட்டதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.